அறுபத்தொன்றாம் பக்கத்துக்குப் பிறகு

மோனிஷாவின் வலது கால் காலையிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்துவாள். திரையில் எழுத்துகள் கடகடவென ஓடும். ஓடி நின்றதும் அவளுடைய ஆய்வேட்டின் பொருளடக்கம் வந்து நிற்கும். அதைப் பார்த்து உதட்டைக் கடிப்பாள். எதையோ மாற்றிவிட்டு மறுபடி அழுத்துவாள். மேசைக்கடியில் கால் மட்டும் தன் வேலையை நிறுத்தவே இல்லை.

“காலை ஆட்டாத கண்ணு. வூட்டுக்கு ஆவாது,” என்றாள் மாமியார் மிக்கேலம்மாள், புளிசாதத்தை டப்பாவில் அடைத்தபடி.

“இன்னிக்கு ஒரு நாள் ஆட்டிக்கறேன் அத்தை. நாளையிலருந்து கட்டிப் போட்டுடுங்க.”

இன்றைக்கு ஒரு நாள்தான். மாலையில் பல்கலைக்கழக அலுவலகம் மூடுவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கல்யாணம், வீடு மாறியது, கல்லூரி வேலை என்று ஏற்கெனவே ஒருமுறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. இன்று விட்டால் பதிவு காலாவதி. திரும்பவும் முதலிலிருந்து விண்ணப்பம், நேர்காணல், புதுத் தலைப்பு. இத்தனை வருஷம் கணிதத்தில் மண்டையை உடைத்துக்கொண்டது எல்லாம் வீட்டில் கிடக்கும் காகிதக் கட்டாகிவிடும்.

இவ்வளவுக்கும் அவள் நிரூபித்த தேற்றங்களில் எந்தக் குறையும் இல்லை. குறை புள்ளியில் இருந்தது. போன வாரம் கொண்டுபோனபோது அலுவலகத்து அம்மா உள்ளே ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை. நேராகப் பொருளடக்கத்தைத் திறந்து, “அத்தியாயத் தலைப்புக்குப் பக்கத்துல புள்ளி எங்கம்மா?” என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தலைப்பு முடிந்த இடத்திலிருந்து பக்க எண் வரைக்கும் வரிசையாகப் புள்ளி ஓட வேண்டும் என்பது போன வருஷம் வந்த விதி. உட்தலைப்புகளுக்கெல்லாம் ஓடியது. அத்தியாயங்களுக்கு மட்டும் வெற்றிடம்.

கணிதக்காரர்கள் ஆய்வேட்டை லேடெக் என்ற மென்பொருளில்தான் செய்வார்கள். பக்கத்தைக் கையால் அடுக்குவது கிடையாது. இது அத்தியாயம், இது உட்தலைப்பு என்று கட்டளைகளாக எழுதிக் கொடுத்தால் அதுவே அடுக்கி, எண் போட்டு, பொருளடக்கமும் தயாரித்துவிடும். அதற்கு டெம்ப்ளேட் என்கிற ஒரு அச்சுக் கோப்பு வேண்டும். மோனிஷாவின் துறையில் அந்தக் கோப்பு சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறிக் கைமாறி வந்தது. முதலில் எழுதியது யாரென்று யாருக்கும் தெரியாது. தன் பெயரையும் தலைப்பையும் மாற்றிக்கொள்வார்கள். மற்றதைத் தொட மாட்டார்கள். தொட்டால் எங்கே என்ன உடையும் என்று எல்லோருக்கும் பயம். மோனிஷா இணையத்தில் தேடி, கோப்பின் மேற்பகுதியில் புள்ளிக்கான வரியை எழுதிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வேறு விதமாக எழுதினாள். அதற்கும் அது அசையவில்லை.

மூன்று சாயந்தரம் அவள் இப்படித் தவித்ததைப் பார்த்த கணவன் அந்தோணி பிரகாஷ், “அட, புள்ளிதான மோனி? குடு,” என்று பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனான். அவனுக்கு அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கடை. கல்யாணப் பத்திரிகை, பேனர், பைண்டிங். தன்னுடைய டிசைன் மென்பொருளில் பொருளடக்கம் இரண்டு பக்கத்தையும் புதிதாக அடித்து, நாற்று நட்ட மாதிரி வரிசை பிசகாமல் புள்ளி வைத்துக் கொண்டுவந்தான். மோனிஷா அதைப் பார்த்த சந்தோஷத்தில், மாமியார் கூடத்தில் இருப்பதையும் மறந்து அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டாள். மிக்கேலம்மாள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். நேற்றுச் சாயங்காலம் நெறியாளர் ராஜாமணி மேடம் போன் செய்தார். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு எடுத்துக்காட்டைச் சேர்த்துவிடு, தேர்வாளர் கட்டாயம் கேட்பார் என்றார். மேடம் சொன்னால் சொன்னதுதான். மோனிஷா சேர்த்தாள். இன்று காலை கடைசியாக ஒருமுறை, புள்ளி தானாகவே வந்துவிடாதா என்ற நப்பாசையில் ஓட்டிப் பார்த்தாள். வரவில்லை. சரி, பிரகாஷ் செய்தது இருக்கிறதே என்று கோப்பை அவன் கடைக்கு அனுப்பிவிட்டு, கௌரவ விரிவுரையாளராக இருக்கும் கல்லூரிக்குத் தேர்வு மேற்பார்வைக்கு ஓடினாள்.

தேர்வு அறை வாசலில் நின்று அவனுக்குப் போன் செய்தபோது போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். மூச்சுவிடாமல் ஐந்தாறு விஷயம் சொன்னாள். அஞ்சு காப்பி போடுங்க, நாலு அங்க, ஒண்ணு வூட்டுக்கு. அட்டை பிரவுன் கலர். தங்க எழுத்துல என் பேரு சரியா இருக்கான்னு பாருங்க. இன்னும் ஏதேதோ. மணி அடித்தது. என்னென்ன சொன்னோம் என்று அவளுக்கே நினைவில்லை.

மத்தியானம் தர்மபுரி பஸ் நிலையத்துக்கு அவன் பெரிய துணிப்பையோடு வந்தான். சேலம் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் இருக்கை கிடைத்தது. பஸ் நகர்ந்ததும் அவள் ஒரு பிரதியை வெளியே எடுத்தாள். பசை வாசனை இன்னும் போகவில்லை. அட்டையில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பிரகாஷ் ஜன்னலைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொருளடக்கத்தைத் திறந்தாள். புள்ளிகள் அழகாக இருந்தன. நான்காம் அத்தியாயம், அறுபத்தைந்து என்றிருந்தது. சும்மா, ஒரு ஆசைக்கு, அறுபத்தைந்தாம் பக்கத்தைத் திறந்தாள்.

அங்கே நான்காம் அத்தியாயம் இல்லை. நேற்றுச் சேர்த்த எடுத்துக்காட்டின் படம் இருந்தது. நான்காம் அத்தியாயம் மூன்று பக்கம் தள்ளி இருந்தது. ஐந்தாம் அத்தியாயத்தைப் பார்த்தாள். அதுவும் மூன்று பக்கம் தள்ளி. துணைநூல் பட்டியலும் அப்படியே. எடுத்துக்காட்டு நுழைந்த இடம் வரைக்கும், அதாவது அறுபத்தொன்றாம் பக்கம் வரைக்கும், எல்லாம் சரி. அதற்குப் பிறகு பொருளடக்கம் சொல்வது ஒன்று, புத்தகத்தில் இருப்பது ஒன்று.

“ஏங்க.”

“ம்?”

“பழைய பொருளடக்கத்தை வெச்சு பைண்ட் பண்ணிட்டீங்களா?”

அவன் எட்டிப் பார்த்தான். அவள் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிக் காட்டினாள். அதன்பிறகு பாளையம்புதூர் தாண்டும் வரைக்கும், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், அவள்தான் பேசினாள். அஞ்சு பேரைக் கேட்டுக் கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் சரிபார்ப்பவர், மனைவியின் ஆய்வேட்டில் ஒரு எண்ணைச் சரிபார்க்க மாட்டாரா என்று கேட்டாள். புதுசாகப் பக்கம் சேர்ந்தால் எண் மாறும் என்று தெரியாதா என்று கேட்டாள். அவசரம் என்றால் இவ்வளவுதானா என்று கேட்டாள். அவன் ஒரு பதிலும் சொல்லாமல் பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் பஸ் நின்றது. வளைவில் ஒரு லாரி பழுதாகிக் குறுக்கே நிற்கிறதாம். கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, கிரேன் வரணும் என்றார். முன்னால் லாரிகளும் கார்களும் கண்ணுக்கெட்டின வரை நின்றன. மோனிஷாவின் கால் ஆடிய வேகத்தில் முன் இருக்கை அதிர்ந்தது.

ராஜாமணி மேடம் மகளைப் பார்க்கச் சாயந்தர ரயிலில் பெங்களூருக்குக் கிளம்புகிறார். அவர் கையெழுத்து வேண்டும். அலுவலகம் மூடும். புள்ளி சரியாக இருக்கிற இந்தப் பிரதியில் எண் தப்பு. எண் சரியாக இருக்கிற கோப்பில் புள்ளி இல்லை. பிரகாஷின் டிசைன் கோப்போ கடைக் கணினியில் இருந்தது. கடையில் வேறு ஆள் இல்லை.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். பேட்டரி பாதிக்குக் கீழே இருந்தது. கடகடவென ஓட்டினாள்.

“இது எண்ணை எங்கருந்து எடுக்குது?” என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் சொல்லிக்கொண்டிருந்தால் கால் ஆடுவது குறைகிறது. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் எந்தத் தலைப்பு எந்தப் பக்கம் என்று இது ஒரு சின்னக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை ஓட்டும்போது அதைப் பார்த்துத்தான் பொருளடக்கம் போடும். அதனால் ஒரு தடவை ஓட்டினால் போன தடவைக் கணக்குதான் தெரியும், ரெண்டு தடவை ஓட்டினால்தான் இப்போதைய கணக்கு வரும் என்றாள்.

“நான் வேற மூணாவது ஆளா நடுவுல பூந்து ஒரு கணக்கு போட்டுட்டேன்,” என்றான்.

அந்த வார்த்தையில் அவளுக்குச் சட்டென்று தேர்வு அறை வாசல் ஞாபகம் வந்தது. வராண்டா, கையில் விடைத்தாள் கட்டு, காதில் போன். “பொருளடக்கம் மட்டும் நீங்க செஞ்சதையே வெச்சிடுங்க, என்னுதுல புள்ளி வரல” என்று சொன்ன தன் குரலே காதில் கேட்டது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். “நான்தான் சொன்னேனா?”

அவன் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தான். “எதை?”

“உங்க பக்கத்தையே வெக்கச் சொல்லி.”

“சொன்ன.”

“இவ்வளவு நேரம் திட்டினேனே, அப்பச் சொல்றதுக்கென்ன?”

“சொன்னா எண் சரியாயிடுமா? ஏற்கெனவே பஸ்ஸே ஆடுது உன் காலால. அதையுஞ் சொன்னா இன்னும் ஆட்டுவ, நம்மள இறக்கி விட்டுடுவாங்க.”

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தாள்.

அச்சுக் கோப்பை இதுவரை அவள் மேலிருந்து பாதி வரைக்கும்தான் படித்திருந்தாள். இப்போது வேறு வழியில்லாமல் கீழே கீழே போனாள். விளிம்பு அளவு, எழுத்து அளவு, ஏதேதோ பழைய சீனியர்களின் குறிப்புகள். எல்லாவற்றுக்கும் கடைசியில், அத்தியாயத் தலைப்புக்குப் புள்ளி வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. பழைய விதி இருந்த காலத்தில் யாரோ எழுதியது. அதன் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு எச்சரிக்கை: இதைத் தொடாதே. மேலே அவள் என்ன எழுதினாலும் கடைசியில் இந்த வரி வந்து அழித்துக்கொண்டிருந்தது. தொடாதே என்றதால் தலைமுறை தலைமுறையாக யாரும் தொடவில்லை. விதி மாறியது யாருடைய நல்ல நேரமோ, அவள் முறை வந்தபோது மாறியது.

“எடுத்துட்டா மொத்தமும் உடைஞ்சிருச்சுன்னா?” என்றாள்.

“ஒரு காப்பி எடுத்து வெச்சுக்க. பத்திரிகை டிசைன்ல கைவெக்கறதுக்கு முன்னாடி நான் அப்படித்தான் செய்வேன்.”

நகல் எடுத்து வைத்தாள். வரியை நீக்கினாள். ஒருமுறை ஓட்டினாள். மறுமுறை ஓட்டினாள். பொருளடக்கம் வந்தது. ஐந்து அத்தியாயத்துக்கும் புள்ளிகள் ஓடின. நான்காம் அத்தியாயம், அறுபத்தெட்டு.

அவள் கால் நின்றுவிட்டதைப் பிரகாஷ்தான் முதலில் கவனித்தான். கண்ணை மூடி “அந்தோணியாரே” என்றான். பஸ் இன்னும் அங்கேயேதான் நின்றது.

இரண்டு தாள்தானே, பல்கலைக்கழக வாசலில் பிரிண்ட் எடுத்து மாற்றிவிடலாம் என்றான். பைண்ட் செய்த புத்தகத்தில் எப்படி என்று அவள் கேட்டதற்கு, விரல் அகலம் ஓரம் விட்டு வெட்டிவிட்டு அந்த ஓரத்தில் புதுத் தாளை ஒட்டுவது தினமும் செய்கிற வேலைதான் என்றான். பிளேடும் பசையும் அதே கனமுள்ள தாளும் பையில் இருந்தன. எதற்கு எடுத்துவந்தீர்கள் என்றால், கடைக்காரன் கையை வீசிக்கொண்டா வருவான் என்றான்.

வேறு ஏதாவது தாள் மாற்ற வேண்டுமா என்று பார்க்கிற சாக்கில் அவன் பிரதியின் முன்பக்கங்களைப் புரட்டினான். சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை. நன்றியுரையில் அவன் கண் கொஞ்ச நேரம் நின்றதை மோனிஷா பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெறியாளர், முதல்வர், அப்பா, அம்மா, தம்பி, தோழிகள் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தாள். ஏரியூரில் அவள் பிறந்த வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்காரர் சவுரியப்பன் வரைக்கும் இருந்தது.

“சவுரியப்பன் அண்ணன் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்ததுக்கு ரெண்டு வரி,” என்றான் பிரகாஷ். “நல்ல மனுசன். கல்யாணத்துக்குக்கூட வந்து குக்கர் வெச்சாரு.”

“அது கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினதுங்க. அப்புறம் அந்தப் பக்கத்தைத் தொறக்கவே இல்ல.”

“தெரியும். தேதியப் பாத்தேன்.” புத்தகத்தை மூடினான். “பொருளடக்கம் அடிக்கும்போதே பாத்தேன். அதுக்கென்ன, அன்னிக்கு நான் யாரோதான.”

குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவளுக்குக் குத்தியது. முன்னால் என்ஜின்கள் உறுமத் தொடங்கின. லாரியை ஓரங்கட்டிவிட்டார்கள். பஸ் இறக்கத்தில் இறங்கியது. அவன் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான், தூங்கினானோ இல்லையோ.

மோனிஷா நன்றியுரைக் கோப்பைத் திறந்தாள். கடைசியில் ஒரு வரி எழுதினாள். ஓட்டினாள். அந்த ஒரு வரி அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டது. அவ்வளவுதான், பின்னால் வருகிற எல்லா ரோமன் எண்ணும் ஒன்று கூடியது. முன்பக்கம் மொத்தமும் மாற்ற வேண்டும். அதற்கு நேரமில்லை, தாளும் இல்லை. கால் மறுபடி ஆடத் தொடங்கியது. எதையாவது வெட்டியாக வேண்டும். முதல்வரை வெட்ட முடியாது. தம்பியை வெட்டினால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். சவுரியப்பன் பெயரில் கர்சரை வைத்தாள். குக்கர் ஞாபகம் வந்தது, எடுத்துவிட்டாள். முதல் பத்தியில், கணிதம் அறிவியலின் அரசி என்று தொடங்கும் ஒரு நீண்ட வாக்கியம் இருந்தது. அதை எழுதியபோது அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. நீக்கினாள். இரண்டு தடவை ஓட்டினாள். எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பேட்டரி சிவப்பாகியிருந்தது. கோப்பைப் பென் டிரைவில் போட்டு மூடினாள்.

பல்கலைக்கழக வாசலில் இறங்கியதும் பிரிண்ட் எடுக்கிற கடைக்கு அவளே ஓடினாள். துறை வராண்டாவில் ராஜாமணி மேடம் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். ஆட்டோ வெளியே காத்திருந்தது. அவர் கண் முன்னாலேயே சிமென்ட் பெஞ்சில் பிரகாஷ் பிரதிகளைப் பரப்பிப் பிளேடை எடுத்தான்.

“என்னப்பா இது, ஆபரேஷனா?” என்றார் மேடம்.

மோனிஷா நடந்ததைச் சொன்னாள். தான் கேட்ட எடுத்துக்காட்டால் வந்த வினை என்று தெரிந்ததும் மேடத்தின் முகம் மாறியது. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஒட்டி முடித்த பிரதியை வாங்கி, தாள் தூக்கிக்கொள்ளாமல் உள்ளங்கையால் அழுத்தியபடியே கையெழுத்துப் போட்டார். “ஆட்டோக்காரரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லு மோனிஷா,” என்றார்.

பொருளடக்கத் தாள்கள் முடிந்து, பிரகாஷ் அடுத்த கட்டை எடுத்தான். “இது என்ன, மூணாவது தாள்?”

“நன்றியுரை. ஒரு வாக்கியம் சரியில்ல. மாத்திட்டேன்.”

அவன் ஓரத்தில் பசை தடவித் தாளைப் பொருத்தினான். பொருத்தும்போது வரிகள் கண்ணில் படாமல் இருக்காது. கை ஒரு கணம் நின்றது. ஆய்வேட்டின் கனமான ஆங்கிலத்துக்கு நடுவில் அந்தக் கடைசி வரியை மட்டும் அவள் சின்னச் சின்ன வார்த்தைகளால் எழுதியிருந்தாள்: என் கணவர் அந்தோணி பிரகாஷுக்கு, நான் திட்டியபோது பதில் சொல்லாமல் இருந்ததற்காக.

“இதை எல்லாம் போய்த் தேர்வாளர் படிப்பாங்களா?” என்று குனிந்தபடியே கேட்டான். காது சிவந்திருந்தது.

“படிக்கட்டுமே.”

“நம்ம வூட்டு விஷயம் மோனி.”

“அழுத்திப் பிடிங்க, தாள் தூக்குது,” என்றாள்.

அலுவலகத்து அம்மா மேசை இழுப்பறையைப் பூட்டத் தொடங்கியிருந்தார். நான்கு பிரதியையும் வாங்கி வைத்துவிட்டு, நேராகப் பொருளடக்கத்தைத் திறந்தார். விரலைப் புள்ளிகளின் மேல் வைத்து ஒவ்வொரு அத்தியாயமாக இழுத்துக்கொண்டே போனார். பிறகு என்ன நினைத்தாரோ, நான்காம் அத்தியாயத்தின் எண்ணைப் பார்த்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். மோனிஷாவின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. அறுபத்தெட்டில் நான்காம் அத்தியாயம் இருந்தது.

“இப்ப சரியா இருக்கும்மா,” என்று முத்திரையை எடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. டப்பாவில் புளிசாதம் தொடப்படாமலே இருந்தது. இரண்டு பேரும் ஒரே டப்பாவில் கையை விட்டுச் சாப்பிட்டார்கள். துணிப்பையில் மிச்சமிருந்தது வீட்டுக்கான ஐந்தாவது பிரதி. அதற்குத் தாள் பற்றவில்லை.

“கடைக்கு எடுத்துட்டுப் போங்க, நாளைக்கு அதையும் மாத்திடலாம்,” என்றாள்.

“எதுக்கு? அது அப்படியே இருக்கட்டும். அதுல நான் வெச்ச புள்ளி இருக்குது.”

“எண் எல்லாம் தப்புங்க. உங்க பேரும் இல்ல.”

“புள்ளி நேரா இருக்கும்ல,” என்றான் அவன். பிறகு குனிந்து பார்த்தான். “எல்லாந்தான் முடிஞ்சிடுச்சே. இன்னும் என்னத்துக்கு ஆட்டற?”

அவளும் குனிந்து பார்த்தாள். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பாதத்தை அவள் பாதத்தின் மேல் வைத்து லேசாக அழுத்தினான். கொஞ்ச நேரம் அது அடங்காமல் அவன் காலையும் சேர்த்து ஆட்டியது. தொப்பூர் ஏற்றத்தில் பஸ் முனகியபடி ஏறும்போது மெல்ல நின்றது.